இடப்பக்கக் கண்ணாடி

வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது உங்கள் வாசனைதான் மச்சான். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் இரண்டு கட்டைகளையும் உங்கள் பழைய கட்டம்போட்ட கைலியில் சுற்றி வைத்திருந்தீர்கள். ஓடும்போது கடகடவென்று சத்தம் வரக்கூடாதாம். கோடை முழுக்க மூடிக் கிடந்த பெட்டியில் ரப்பரும் டீசலும் வெந்த நெடிக்கு நடுவே உங்கள் அத்தர் அப்படியே இருந்தது. முடிச்சை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. அவிழ்த்தால் வாசனை போய்விடும் என்று பயம். கட்டையை வெளியே எடுக்காமல் வண்டியை எப்படி நிறுத்துவாய் என்று நீங்கள் கேட்பது போலிருந்தது. அவிழ்த்தேன்.

இத்தா முடிந்து நான் வெளியே வந்த முதல் வாரம் அது. கோடை வெயில் உச்சியில் இருந்தபோது நீங்கள் போனீர்கள். கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சு லேசாக அடைக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஆண்கள் உங்களை அடக்கம் செய்யத் தூக்கிப் போனபோது நான் சத்வாவில் நாம் குடியிருந்த பிளாட்டின் கதவு வரைதான் வந்தேன். அதன் பிறகு, கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம். பக்கத்து வீட்டு ஏசி மெஷினின் முதுகைப் பார்த்திருக்கும் அந்த ஒற்றை ஜன்னலோடு இருந்தேன். வெளியே வந்தபோது காற்று குளிர்ந்திருந்தது. எல்லாரும் கூடாரமும் அடுப்புக்கரியும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் பருவம் எனக்காகக் காத்திருக்காமல் தொடங்கிவிட்டது.

நம் மகள் நஸ்ரின் வண்டியை விற்க ஆள் பார்த்து வைத்திருந்தாள். அவள் மேல் தப்பில்லை. ஓட்டாமல் வெயிலில் போட்டால் நின்ற இடத்திலேயே டயர் வெடித்துப் போகும் ஊர் இது.

"பிராக்டிகலா யோசிங்கம்மா. அத்தா பின்னாடி நின்னு கை காட்டினாத்தான் உங்களுக்கு ரிவர்ஸ் வரும். இனிமே யாரு காட்டுவா?"

 வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று உங்களிடமே பட்டம் வாங்கியவள் நான். விடுவேனா, அவளிடம் ஒன்று கேட்டேன். ஒரே ஒரு தடவை நம் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கிறேன். ஒழுங்காக நிறுத்திவிட்டால் வண்டி இருக்கட்டும். முடியாவிட்டால் திரும்பி வந்ததும் சாவியை வாங்க வருபவர்களிடம் கொடுத்துவிடலாம். அவள் சரி என்றாள். சொன்னதோடு நிற்காமல் பின்பக்கம் ஒரு கேமராவையும் மாட்டிவிட்டாள்.

அந்த வண்டி வந்த நாளில் நான் உங்களைத் திட்டிய திட்டு ஞாபகம் இருக்கிறதா? திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கும் நம் சின்னக் கடைக்கு ஒரு வெள்ளைக்காரர் தன் மோட்டார்ஹோமைக் கொண்டுவந்தார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. நாம் உறை தைத்து முடிப்பதற்குள் அவருக்கு இங்கே வேலை முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தது. பழைய வண்டிதானே, நீயே வைத்துக்கொள் என்று அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு சாவியை என்னிடம் நீட்டினீர்கள்.

"ஊர்ல ஒரு வீடு கட்டுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிறேன். நீங்க என்னடான்னா சக்கரம் வச்ச வீட்ட வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க. கிறுக்கா மச்சான் புடிச்சிருக்கு?"

"இந்தா புள்ள, கோவப்படாத. இந்த நாட்டுக்கு வந்த புதுசுல ரூம் நெறைய ஆளு, மேல் கட்டில்ல படுத்துக் கெடந்தேன். இப்ப இந்த பிளாட்டு. கதவத் தொறந்தா அடுத்தவன் செருப்பு. நமக்குன்னு ஒரு வாசல் வச்சுப் பாக்கணும்னு ஒரு ஆச. எந்தப் பக்கம்னு நீயே சொல்லு, அந்தப் பக்கமே வச்சுருவோம்."

சாவியை வாங்கிக்கொண்டேன்.

வாங்கியது நீங்கள், ஓட்ட வேண்டியது நான். இந்த நாட்டு லைசென்ஸ் டெஸ்ட் உங்களை ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பியது. நான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காகப் போய், போன முதல் தடவையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறு ஆம்பிளையாக இருந்தால் முகம் சுண்டியிருக்கும். நீங்கள் நம் கடை இருக்கும் தெரு முழுக்கக் கடைகடையாக லட்டு கொடுத்தீர்கள். "எங்க வீட்டுல அவதான் டிரைவரு, நான் கிளீனரு" என்று மலையாளி, பட்டாணியர் ஒருத்தரையும் விடாமல் சொல்லி வைத்தீர்கள்.

கிளீனர் வேலை உங்களுக்குப் புதிதும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பரமக்குடியில் உங்கள் மாமா லாரியில் கொஞ்ச காலம் போனவர்தானே. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தீர்கள். வண்டியின் பின்பக்க ஓரத்தில் நின்று உள்ளங்கையால் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தால் நான் பின்னால் வரலாம். ஓங்கி ஒரு அறை விழுந்தால் நிறுத்த வேண்டும். கூடவே வாயும் சும்மா இருக்காது. "வரட்டும், வரட்டும், வரட்டும், ஓல்டேய்!" முகாமில் நாற்காலி போட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரர்கள் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார்கள். நான் வெட்கத்தில் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிவேன்.

முதல் பயணத்தை மறக்க முடியுமா? ஹத்தா மலைப் பக்கத்து முகாம் அது. சரிவை மேடை மேடையாக வெட்டி, சரளைக்கல் கொட்டி, ஒரு மேடைக்கு ஒரு வண்டி என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். மேடைகளுக்குக் கீழே ஒரு வாதி, காய்ந்த காட்டாறு, பாய் விரித்த மாதிரி சமமாகக் கிடந்தது. நாம் பரமக்குடிக்காரர்கள். ஆறு என்றால் நமக்கு என்ன? வைகை மணலில் சந்தை போடுவோம், பந்தல் போடுவோம், பையன்கள் நாள் முழுக்க கிரிக்கெட் விளையாடுவார்கள். தண்ணீர் வருவதாக இருந்தால் அணையைத் திறந்து, ஊருக்கெல்லாம் சொல்லி, கல்யாண ஊர்வலம் மாதிரி ஆடி அசைந்து வரும். நாம் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம். அந்தப் புத்தியோடு, மேட்டில் அத்தனை இடம் காலியாக இருக்க, வண்டியை நேரே வாதிக்குள் இறக்கி நிறுத்தினோம். இவ்வளவு நல்ல இடத்தை ஏன் ஒருத்தரும் எடுக்கவில்லை என்று வேறு சந்தோஷப்பட்டோம்.

வெளியே அடுப்பு மூட்டிக் கெட்டிலை ஏற்றியிருந்தேன். முகாமைப் பார்த்துக்கொள்ளும் கான் பாய், அந்தப் பெஷாவர்க்காரர், கையில் கம்போடு மேலிருந்து ஓடி வந்தார்.

"பாபி! காடி நிகாலோ! ஜல்தி! உப்பர் பாரிஷ்!"

அண்ணி, சீக்கிரம் வண்டியை வெளியே எடு என்கிறார். மலைக்கு மேலே மழையாம். நம் தலைக்கு மேலே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் வானத்தைக் காட்டிச் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டும் சத்தம், ஆனால் கொட்டி முடியவே இல்லை. உங்கள் முகத்திலிருந்து சிரிப்பு போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏறு புள்ள."

திருப்ப இடமில்லை. பின்பக்கமாகவே மேட்டுக்கு ஏற்ற வேண்டும். வலப்பக்கக் கண்ணாடி எனக்கு எந்தக் காலத்திலும் வசப்பட்டதில்லை. அதில் இருப்பதெல்லாம் எங்கேயோ தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்து, வண்டி கோணிக்கொண்டு போனது. இந்த ஊரில் ஓட்டுகிற இருக்கை இடப்பக்கம்தானே, நீங்கள் என் பக்கமாக ஓடி வந்தீர்கள்.

"அங்கிட்டு இங்கிட்டுப் பாக்காத. என்னய மட்டும் பாரு. கண்ணாடியில நான் தெரியிற வரைக்கும் வா. தெரியலையா, யோசிக்காத, மிதிச்சுரு."

தட்ட ஆரம்பித்தீர்கள். கண்ணாடிக்குள் உங்கள் முகமும் அந்தத் தட்டலும் தவிர எனக்கு உலகத்தில் ஒன்றும் இல்லை. மேட்டில் ஏறி, உங்கள் கை ஓங்கி ஒரு அறை அறைந்து, நான் மிதித்து, இறங்கி வந்து பார்த்தபோது வாதி முழுக்கச் செம்மண் நிறத்தில் தண்ணீர். யாருடைய நாற்காலியோ ஒன்று தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. நஸ்ரின் அப்போது சின்னப் பிள்ளை, என் துப்பட்டாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். நீங்கள் அடுப்பு இருந்த இடத்தை எட்டிப் பார்த்தீர்கள். பிறகு, "கெட்டில் போச்சு" என்றீர்கள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

அன்றோடு நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் வண்டியைத் தூர நிறுத்தச் சொல்லிவிட்டு முதலில் நடந்து பார்ப்பீர்கள். முள்மரக் கிளையில் காய்ந்த செத்தை சிக்கியிருந்தால், எந்த உயரத்தில் என்று கையை வைத்து அளப்பீர்கள். "தண்ணி இதுவரைக்கும் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கு பாரு" என்பீர்கள். வண்டியின் முகம் எப்போதும் வெளியே போகும் வழியைப் பார்த்திருக்க வேண்டும். கிளம்ப வேண்டி வந்தால் திருப்பிக்கொண்டு நிற்கக் கூடாது. நம் அடுப்புத் தீ பக்கத்து வண்டிக்குத் தாவ முடியாத இடைவெளி வேண்டும். இறுதியில் மேசையில் ஒரு கிளாஸ் சுலைமானியை வைத்துப் பார்ப்பீர்கள். பால் கலக்காத அந்தத் தேநீர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்குக் கீழே பலகை போகும். சுலைமானி நேராக நின்ற பிறகுதான் அதைக் குடிப்பீர்கள். அதற்குள் அது ஆறிப்போய்விடும்.

அப்படித் தேடித் தேடித்தான் நம் இடத்தைப் பிடித்தீர்கள். அதே முகாமின் கடைசி மேடை. செத்தைக் கோட்டுக்கு நன்றாக மேலே. முகம் வழியைப் பார்த்து நின்றால் அது மேற்கு, தொழும் திசை. உள்ளே நடுவில் தொழுகைப் பாயைக் கோணாமல் விரிக்கலாம். வாசல் மலையைப் பார்க்கும். ஒரே ஒரு குறைதான். இடப்பக்கம் மேடையின் விளிம்பு. அதற்குக் கீழே ஒரு ஆள் உயரத்துக்குப் பள்ளம், பிறகு வாதி. நீங்கள் அந்த விளிம்பில்தான் போய் நிற்பீர்கள். ஒவ்வொரு தடவையும் நமக்கு அங்கேதான் சண்டை.

"தள்ளி நில்லுங்க மச்சான். மேல ஏத்திட்டேன்னா போலீஸுக்கு யாரு பதில் சொல்றது?"

"ஏத்துனா ஏத்திட்டுப் போ. வண்டி மட்டும் நேரா நிக்கணும்."

இப்படிப் பேசிப் பேசியே எத்தனை குளிர்காலத்தைக் கழித்துவிட்டோம். நீங்கள் தகரத்தில் அறைந்த இடத்தில் பெயிண்ட் மங்கி, கை அகலத்துக்கு ஒரு தேய்மானம் இருக்கிறது. போன வாரம் வண்டியைக் கழுவும்போது அதைப் பார்த்தேன். அந்த இடத்தை மட்டும் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தேன்.

நானும் நஸ்ரினும் மதியம் போல் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். நீங்கள் செய்வது போலவே வண்டியைத் தூர நிறுத்திவிட்டு நடந்து பார்த்தேன். செத்தைக் கோடு பழைய உயரத்தில்தான் இருந்தது. நம் மேடை காலி. நஸ்ரின் இறங்கிப் பின்னால் போய் நின்றாள். கியரைப் போட்டேன். புதுத் திரையில் சரளைக்கல்லும் சிவப்புக் கோடும் தெரிந்தன.

"வாங்கம்மா, நெறைய ஸ்பேஸ் இருக்கு."

என் கண் திரைக்குப் போகவில்லை மச்சான். பழைய பழக்கத்தில் இடப்பக்கக் கண்ணாடிக்குத்தான் போனது. அதில் வாதி தெரிந்தது. வானம் தெரிந்தது. நீங்கள் இல்லை. என் கால் தானாக மிதித்துவிட்டது.

"என்னம்மா? வாங்க, வாங்க."

காலை எடுக்க முடியவில்லை. எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, நான் மிதித்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். இத்தாவின்போது துக்கம் கேட்க வந்தவர்களுக்கு எதிரில்கூட அழாத அழுகை அழுதேன். விற்றுத் தொலைக்கட்டும், எனக்கு இது வேண்டாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கான் பாய் வந்தார். தாடி நன்றாக நரைத்திருக்கிறது. வண்டியை அடையாளம் கண்டு கையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், நேரே பின்பக்க விளிம்பைப் பார்த்தார். உங்களைத்தான் தேடினார்.

"பாபி! பாய் கிதர்?"

நான் அதுவரை யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டு வந்தவர்கள். ஊருக்குச் சொன்னவள் நஸ்ரின். முதல்முறையாக இந்த மனிதரிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"பாய் மவுத்."

அவர் நெஞ்சில் கையை வைத்து, சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹி சொன்னார். சொல்லிவிட்டு அப்படியே சரளையில் குந்தி உட்கார்ந்தார். அந்த விளிம்பைப் பார்த்தபடியே பேசினார். எத்தனையோ தடவை உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். அந்தப் பக்கம் நிற்காதே, கரை மண் இளகல், மலைப் பக்கமாக வந்து நில் என்று. நீங்கள் கேட்க மாட்டீர்களாம். மலைப் பக்கம் நின்றால் என் வீட்டுக்காரி கண்ணாடியில் நான் தெரிய மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வீர்களாம்.

என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். நீங்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். ஒரு நாளும் நான் அங்கே நின்றதில்லை. ஓட்டுகிற இருக்கையிலிருந்து பார்க்கும்போது உங்களுக்குப் பின்னால் நிறைய இடம் இருக்கிற மாதிரிதான் தெரியும். இல்லை மச்சான். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கால் மாற்றி வைத்தேன், பொலபொலவென்று சரளை சரிந்து கீழே விழுந்தது. வண்டி கொஞ்சம் கோணினாலும் ஒதுங்க உங்களுக்கு இடமில்லை. அங்கே நின்றுகொண்டுதான் ஒவ்வொரு குளிர்காலமும் வரட்டும் வரட்டும் என்று சிரித்துக்கொண்டு கூப்பிட்டீர்கள். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வாய்விட்டே திட்டினேன். "அறிவிருக்கா மச்சான் உங்களுக்கு? வலது கண்ணாடியையும் பாக்கப் பழகிக்க புள்ளன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?" கான் பாய்க்குத் தமிழ் புரியாது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டி முடித்த பிறகு நெஞ்சு வலித்த வலியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் மேல் இவ்வளவு ஆசை எனக்கு இருந்தது என்பதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

நஸ்ரின் வந்து என் பக்கத்தில், அந்த விளிம்பில் நின்றாள். என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நானும் இங்கயே நிக்கிறேன்மா. அத்தா ஸ்பாட். உங்களுக்கு ஈஸியா இருக்கும்."

அவள் காலடியில் சரளை நகர்ந்தது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அவளுக்கு மணிக்கட்டு சிவந்துவிட்டது.

"அங்கிட்டுப் போய் நில்லு. மலைப் பக்கம்."

"அந்த மிரர் உங்களுக்கு வராதேம்மா."

"வரும். நீ போ."

ஏறி உட்கார்ந்தேன். வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் நஸ்ரின் சின்னதாக, எங்கேயோ தூரத்தில் நிற்பவள் போலத் தெரிந்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பக்கத்தில் வந்தாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பின் இருக்கையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தவள். உள்ளங்கையால் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தாள். "வரட்டும், வரட்டும்" என்று அவளுடைய இங்கிலீஷ் பள்ளிக்கூடத் தமிழில் கூப்பிட்டாள். ர எல்லாம் வழுக்கியது. இரண்டு தடவை முன்னால் போய்த் திரும்ப வந்தேன். மூன்றாவது தடவை ஓங்கி ஒரு அறை விழுந்தது. மிதித்தேன். வண்டி விளிம்பை விட்டு விலகி, நம் இடத்தில் நின்றது.

கட்டைகளை நானே வைத்தேன். மேசையில் சுலைமானி கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. நீங்களாக இருந்தால் பலகை வைக்காமல் விட மாட்டீர்கள். நான் அப்படியே குடித்துவிட்டேன், சூடாக இருந்தது. வாசலைத் திறந்து வைத்து மலையைப் பார்த்தபடி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வாங்க வருவதாக இருந்தவர்களுக்கு நஸ்ரின் வண்டி விற்பதற்கு இல்லை என்று செய்தி அனுப்பினாள். கிளம்பும்போது கட்டைகளைத் திரும்பவும் உங்கள் கைலியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினேன். வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

வலப்பக்கக் கண்ணாடி இப்போது எனக்கு வருகிறது மச்சான். ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. சத்வா சந்துக்குள் சின்னக் காரைப் பின்னால் எடுப்பதாக இருந்தாலும் முதல் பார்வை இடப்பக்கம்தான் போகிறது. நீங்கள் இல்லை. நீங்கள் சொன்னது சொன்னதுதானே, யோசிக்காமல் மிதித்துவிடுகிறேன். பின்னால் நிற்பவன் ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும். அதன் பிறகுதான் வலப்பக்கம் திரும்புகிறேன்.